மாப்பிள்ளையை விசாரித்தது

பூசையில் ஃபின்டன் பழைய பதிலைச் சொன்னான். பத்திநாதர் அதைக் கேட்டுவிட்டார்.

ஆங்கிலப் பூசையில் சுவாமி கைகளை விரித்து "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்ல, சனம் ஒரு வரி பதில் சொல்லும். அந்த வரியை 2011இல் மாற்றிவிட்டார்கள். கோவில் முழுக்கப் புது வரியைச் சொன்னது. ஃபின்டன் மட்டும் பழையதைச் சொன்னான், நல்ல சத்தமாக. ஷெரோன் முழங்கையால் இடித்தாள். அவன் சிரிப்பை அடக்கினான்.

பத்திநாதர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக இவன் கோவில் வாசலை மிதிக்கவில்லை. இத்தனைக்கும் இவன் ஐரிஷ்காரன்.

அந்தக் கோவிலே மொன்ட்ரியாலுக்குக் கால்வாய் வெட்ட வந்த ஐரிஷ்காரரின் பரம்பரை கட்டியதுதான். உட்காரும் வாங்குகளில் இன்னும் அவர்களுடைய பெயர்கள் பித்தளைத் தகட்டில் இருக்கின்றன. அவற்றில் இப்போது இருப்பது பிலிப்பீன்காரரும் தமிழரும். பத்திநாதருக்கு யாழ்ப்பாணத்து இளவாலையில் ஆங்கிலம் படிப்பித்ததும் ஒரு ஐரிஷ் சுவாமி. மகள் ஐரிஷ்காரனைக் கட்டப் போகிறேன் என்றபோது, வெள்ளைக்காரன் என்ற கவலையை அவர் அதைச் சொல்லித்தான் ஆற்றிக்கொண்டார். வேதக்காரப் பிள்ளை, கத்தோலிக்கம். எங்களை விட வேதக்காரர்.

காரில் ஏறியதும் மனைவியிடம் கேட்டார்.

"கேட்டனியோ?"

"என்னத்தை?"

"அவன் சொன்ன பதிலை."

"பூசையிலை சுவாமியைப் பாருங்கோ" என்றா றோசலின். "பக்கத்திலை நிக்கிறவன்ர வாயைப் பாக்காதேங்கோ."

ஷெரோனுக்கு இருபத்தொன்பது வயது. ரொக்ஸ்பரோவில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். ஃபின்டன் விமான எஞ்சின் திருத்துகிறவன். அயர்லாந்தின் மேற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வந்து நாலு வருடம். முதலில் ஷெரோன் நீதிமன்றக் கட்டடத்தில் கலியாணத்தை எழுதினால் போதும் என்றாள். மூன்று கிழமை வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. பிறகு இறங்கி வந்தாள். "சரி அப்பா, கோவிலிலை கட்டுறம். உங்களுக்காக."

கோவிலில் கட்ட ஒரு பேப்பர் வேண்டும். மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலிலிருந்து புதிதாக எடுத்த பத்திரம். பழையது செல்லாது. ஒருவன் எங்கே கலியாணம் கட்டினாலும், அந்தச் செய்தி அவன் ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்குப் போய், அங்கே புத்தகத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் எழுதப்படும். புதுப் பத்திரத்தில் அந்த ஓரக் குறிப்பும் வரும். ஒளிக்க முடியாது.

அந்தப் பேப்பர் இரண்டு மாதமாக வரவில்லை.

பத்திநாதருக்கு இது சின்ன விஷயமில்லை. றோசலினின் தமக்கை மகள் கௌசலா மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் நோர்வே மாப்பிள்ளை ஒருவனைக் கட்டினாள். ஒருவரும் விசாரிக்கவில்லை. நல்ல பொடியன், நல்ல சிரிப்பு என்றார்கள். ஒஸ்லோவில் அவனுக்கு மனைவியும் ஒரு பிள்ளையும் இருந்தது கலியாணம் கட்டி ஏழாம் மாதம்தான் தெரிந்தது. இப்போது கௌசலா வெளியே வருவதில்லை.

ஃபின்டனுக்கும் நல்ல சிரிப்பு.

அன்று மத்தியானம் அவன் பத்திநாதர் வீட்டில் சாப்பிட்டான். நண்டைக் கையால் உடைத்துத் தின்றான். மூக்கு ஒழுக ஒழுக இன்னும் கேட்டான். றோசலினுக்கு அது போதும். பத்திநாதர் தண்ணீரை அவன் பக்கம் தள்ளிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"பேப்பர் என்ன மாதிரி?"

ஃபின்டன் ஷெரோனைப் பார்த்தான். ஷெரோன்தான் பதில் சொன்னாள்.

"வரும் அப்பா. எழுதிப் போட்டிருக்கு."

"ஆருக்கு?"

"கோவிலுக்குத்தான்."

"எங்கள் ஊரில் பங்கு அலுவலகம் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும்" என்றான் ஃபின்டன். "அதுவும் செத்தவீடு இல்லாவிட்டால். செத்தவீடு இல்லாத செவ்வாய்க்கிழமையே எங்கள் ஊரில் கிடையாது."

றோசலின் விழுந்து விழுந்து சிரித்தா. பத்திநாதர் சிரிக்கவில்லை. கேள்வி ஒருவனிடம் போனது. பதில் இன்னொருத்தியிடமிருந்து வந்தது. பிறகு பகிடி வந்தது. இதில் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. மாசி மாதம் அவர் ஃபின்டனின் தகப்பனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார். தகப்பன் இல்லை என்று ஷெரோன் சொல்லியிருந்தாள். செத்தவரின் ஆத்துமாவுக்குப் பூசை சொல்வது சம்பந்தி முறைக்கு அழகு. பெயர் வேண்டும் என்று கேட்டதற்கு ஷெரோன், "பேர் தேவையில்லை அப்பா, கடவுளுக்குத் தெரியும்" என்றாள். சுவாமி "ஃபின்டனின் தந்தை" என்று வாசித்தார். செய்தியைச் சொன்னபோது ஃபின்டனின் காது சிவந்துபோனது. நன்றி என்றான். அப்போதும் பெயரைச் சொல்லவில்லை.

செத்த தகப்பனின் பெயரைச் சொல்ல ஒருவனுக்கு என்ன தயக்கம்?

இளவாலையில் இதற்கு முறை இருந்தது. பத்திநாதரின் தங்கச்சிக்கு மன்னார்ப் பக்கம் சம்பந்தம் பேசியபோது, அவர்களுடைய ஐயா பஸ் ஏறிப் போய் மாப்பிள்ளையின் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். கடைக்காரனைக் கேட்டார். முடி வெட்டுகிறவனைக் கேட்டார். கடைசியாகப் பங்குச் சுவாமியைக் கேட்டார். பிறகுதான் வெற்றிலை. பெண்ணைப் பெற்றவன் செய்ய வேண்டிய வேலை அது. மாப்பிள்ளை வீட்டுக்கும் அது தெரியும். ஒருவரும் கோபிப்பதில்லை.

பத்திநாதர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். காலைச் சவாரிக்கும் மத்தியானச் சவாரிக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் ஓய்வு. அடுத்த செவ்வாய், பஸ்ஸை ஒரு தெப்பனருக்கு, மூலைச் சில்லறைக் கடைக்குப் பின்னால் நிறுத்தி, ஃபின்டனின் ஊர்க் கோவில் நம்பரைக் கைப்பேசியில் தேடி எடுத்தார். அங்கே பின்னேரம் மூன்று மணி. வெறும் இருக்கைகள் நாற்பத்தெட்டும் அவருக்குப் பின்னால் இருந்தன.

ஒரு பெண் எடுத்தாள். வயதான குரல், இனிமையானது. அவர் ஃபின்டனின் பெயரைச் சொல்லி, தன்னைப் பெண்ணின் தகப்பன் என்றார்.

"யூனாவின் மகனுக்கா? கனடாவிலா? நீங்கள் இந்தியாவா?"

"யாழ்ப்பாணம். இலங்கை. நாங்கள் கத்தோலிக்கர்."

"ஐயோ, எவ்வளவு நல்லது. இங்கே பூசைக்கு வர ஒருவரும் இல்லை இப்போது. நீங்கள்தான் வேதத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள்." ஏதோ அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. "இதைச் சொல்லக் கூடாது. ஆனால் பெண்ணின் தகப்பன் கேட்கும்போது வேறு கதைதானே."

"ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? கலியாணம்?"

"இருங்கள். தொண்ணூற்றொன்று. இதோ. இல்லை. ஓரம் வெறுமை. பொடியன் சுத்தம்."

பத்திநாதர் மூச்சு விட்டார். நன்றி சொல்லி வைக்க நினைத்தார்.

"தகப்பன் இடமும் வெறுமைதான்" என்றாள் அந்தப் பெண். "அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்."

அவர் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஞானஸ்நானம் செவ்வாய்க்கிழமை கொடுத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அப்போது அப்படித்தான், ஞாயிறு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு. பாவம் யூனா. பிறகு சுவாமிமாருக்கு மேலே இருக்கிற மேற்றிராணியாருக்கு எழுதித் தன் பெயரையே சபையிலிருந்து எடுத்துவிட்டாள், தெரியுமா? அவளுடைய மகன் கோவிலில் கட்டப் போகிறானா? இது செய்திதான். அவளுடைய அக்கா நாளைக்குப் பீடத்துக்குப் பூ வைக்க வருவா. நீங்கள் விசாரித்ததாகச் சொல்கிறேன்."

"வேண்டாம். தயவுசெய்து சொல்ல வேண்டாம்."

"சீ, அவவுக்குச் சந்தோசமாக இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

அன்று பின்னேரம் றோசலினிடம் சொன்னார். அவ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"அப்ப கலியாணம் கட்டேல்லை. அதுதானே உங்கட பயம்? முடிஞ்சுது."

"தகப்பன் ஆரெண்டு தெரியாது."

"செத்தவர் எண்டெல்லோ பூசை சொன்னனீங்கள்?"

"அவள் எங்களைப் பேய்க்காட்டிப் போட்டாள்."

"ஆர்? ஷெரோனோ? அவள் இல்லை எண்டுதான் சொன்னவள். செத்திட்டார் எண்டு நீங்கள்தான் எடுத்தனீங்கள்." றோசலின் கத்தியை வைத்தா. "ஆரைக் கேட்டு அங்கை கதைச்சனீங்கள்?"

"ஆரைக் கேக்கோணும்? நான் தகப்பன்."

"அவள் அறிஞ்சா என்ன நடக்கும்?"

"ஆர் சொல்லப் போறது? அது அயர்லாந்து."

பத்து நாள் கழித்து ஷெரோன் தாய்க்கு எடுத்தாள். "அம்மா, நாலு மணிக்கு வீட்டை நில்லுங்கோ. அப்பாவும். ஃபின்டன்ர அம்மா வந்திருக்கிறா." கலியாணத்துக்கு ஆவணியில் வர வேண்டிய பெண் ஆனியில் வந்திருந்தா.

யூனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி, ஓடும் சப்பாத்து. ஊரில் தபால் கொடுக்கிற வேலை. செயின்ட்-மிஷேல் மெட்ரோவிலிருந்து ஷெரோனோடு நடந்தே வந்திருந்தா; ஃபின்டன் வேலையில் நின்றான். றோசலின் என்ன குடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "பிசாசு தந்தாலும் தேத்தண்ணியை மறுக்க மாட்டேன்" என்றா. குடித்து முடித்தா. பிறகு ஒரு உறையை எடுத்து மேசையில் பத்திநாதருக்கு முன்னால் வைத்தா.

"நீங்கள் கேட்டது."

அவர் தொடவில்லை.

"ஃபின்டன் மூன்று தரம் கேட்டான். நான் மூன்று தரமும் எடுத்துத் தருகிறேன் என்றேன், போகவில்லை. அந்தப் பேப்பருக்குச் சுவாமி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பத்தொன்பது வயதில் என் அப்பாவோடு அந்தக் கதவில் நின்றேன். என்னை எந்த மடத்துக்கு அனுப்புவது, பிள்ளையை யாருக்குக் கொடுப்பது என்று உள்ளே முடிவு செய்தார்கள். பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் படலையைத் தாண்டியதில்லை. கடிதம் வந்தால் மதிலில் வைத்துவிட்டு வருவேன். போன செவ்வாய் போனேன். அதற்குள் ஊர்க் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. கனடாவில் ஒரு ஆள், யூனாவின் மகன் யாருடைய பிள்ளை என்று விசாரிக்கிறாராம்."

"நான் அதைக் கேட்கவில்லை" என்றார் பத்திநாதர். "கலியாணம் கட்டினவனா என்று மட்டும்தான் கேட்டேன்."

"நம்புகிறேன். அங்கே ஒன்றைக் கேட்டால் மற்றதைத்தான் சொல்வார்கள்."

"எங்கள் வழக்கத்தில் விசாரிக்க வேண்டும். அது தகப்பனின் கடமை. குற்றமாக எடுப்பதில்லை."

"யாரை விசாரிப்பீர்கள்?"

"பங்குச் சுவாமியை. கடைக்காரரை. ஊர் ஆட்களை."

"எங்களிடமும் அதே ஆட்கள்தான்" என்றா யூனா. "என்னை விசாரித்தவர்களும் அவர்கள்தான்."

றோசலின் எப்படியாவது பேச்சை மாற்றப் பார்த்தா. தன் உடைந்த ஆங்கிலத்தில், "நாங்கள் அவருக்குப் பூசை சொன்னோம், தகப்பனுக்கு, ஆத்துமா இளைப்பாற" என்று சொல்லிவிட்டா.

யூனா அவவைப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தா.

"உயிரோடு இருக்கிற மனுசனுக்கா? அவர் நல்ல சுகம். ஞாயிறு தவறாமல் முதல் வாங்கில் இருப்பார். வாசகம் வாசிப்பார். குரல் நல்ல குரல்."

"ஆர் அவர்?" என்றார் பத்திநாதர். கேட்டது தமிழில். ஆனாலும் யூனாவுக்கு விளங்கியது.

"அப்பா!" என்றாள் ஷெரோன்.

"கேட்கட்டும். அந்த ஒரு கேள்விதான் எல்லாருக்கும்." யூனா கோப்பையைத் தள்ளி வைத்தா. "இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்கிறார்கள். உண்மைதான். கலியாணம் கட்டாத பெட்டைகள் பிள்ளை வண்டிலைத் தெரு நடுவால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விவாகரத்துக்கு, கருக்கலைப்புக்கு என்று எத்தனையோ வாக்கெடுப்பு வைத்தோம். நானும் போட்டேன். ஆனால் ஒரு தொலைபேசி வந்தால் அந்தப் புத்தகத்தைத் திறக்க இன்னும் ஒருத்தி இருக்கிறாள்."

பெயரை அவ சொல்லவில்லை.

ஷெரோன் எழும்பினாள். "அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன், கோவிலிலை கட்டுறன் எண்டு. பேப்பர் வந்திட்டுது. சொன்ன சொல் சொன்னதுதான்." அதையே ஆங்கிலத்தில் யூனாவுக்கும் சொன்னாள்.

"நான் கோவில் வாசல் வரை வருவேன்" என்றா யூனா. "உள்ளே வர மாட்டேன். மழை பெய்தால் குடை இருக்கிறது."

றோசலின் அவவைப் படலை வரை கொண்டுபோய் விட்டா. ஷெரோன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பியோ?"

அவள் யோசித்தாள். "இல்லை. அவ சொல்ல வேண்டாம் எண்டவ."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"கௌசலா அக்காவின்ர மனுசன் கள்ளன். அதுக்கு ஃபின்டன் என்ன செய்தவன்? அவனிலை ஒரு குறை காட்டுங்கோ பாப்பம்."

பூசையில் ஃபின்டன் சொன்ன பழைய பதிலை அவர் சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

உறையை இரவு முழுக்க மேசையில் விட்டார். சனிக்கிழமை காலை எடுத்துக்கொண்டு மெட்ரோவில் போனார். கோவில் அறையில் கலியாணப் பதிவுகளைப் பார்ப்பது திரேசம்மா. திருகோணமலைப் பெண், அறுபது வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. சம்பளம் இல்லை, சேவை. பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"வந்திட்டுதே! நல்லது அண்ணை. நாளைக்கே பூசையிலை கலியாணப் பேர் வாசிக்கலாம், மூண்டு ஞாயிறும் சரியா வரும்." முத்திரையைப் பார்த்தா. ஓரத்தைப் பார்த்தா. விரல் ஒரு இடத்தில் நின்றது. "தகப்பன்ர பேர் இல்லையே."

"இல்லை."

"விட்டுப்போட்டினமோ?"

"இல்லை."

திரேசம்மா கதவைப் பார்த்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்தா.

"என்ன கதை அண்ணை? எனக்குச் சொல்லுங்கோ. இஞ்சை இருந்து ஒரு சொல் வெளியிலை போகாது."

கௌசலாவின் கதையைப் பத்திநாதர் முதலில் கேட்டது இந்த அறையில்தான். கௌசலாவின் தாய் றோசலினுக்குச் சொன்னது அதற்கு மூன்று நாள் கழித்து. அன்று அவரும் இதே கதிரையைக் கிட்ட இழுத்துத்தான் கேட்டார். இன்னும் கேட்டார். ஒஸ்லோப் பிள்ளைக்கு எத்தனை வயது என்றுகூடக் கேட்டார்.

"பேப்பரைத் தாங்கோ" என்றார்.

"ஏன்?"

"தாங்கோ. பேர் வாசிக்க வேண்டாம்."

"பொடியனிலை ஏதும்…?"

"பொடியனிலை ஒண்டும் இல்லை."

"அப்ப தாயிலையோ?"

எந்தப் பதில் சொன்னாலும் அதில் ஒன்று அவவுக்குக் கிடைக்கும் என்று அவருக்கு விளங்கியது. சொல்லாவிட்டாலும் கிடைக்கும். கையை நீட்டியபடி நின்றார். திரேசம்மா பேப்பரை இன்னொரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தா, அவசரப்படாமல், பாடமாக்குகிறவ போல. பிறகு கொடுத்தா.

"கலியாணம் குழம்பிட்டுதோ அண்ணை? சுவாமி கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"வேறை இடத்திலை எழுதுகினம் எண்டு சொல்லுங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. இருபத்தொன்பது வருடமாக அவர் மனதில் வைத்திருந்த ஒன்று இருந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நடுப்பாதையில் நடப்பது. அது அந்த அறையில், நாலு சொல்லில் முடிந்தது. திரேசம்மாவுக்கு அது தெரிய வேண்டியதில்லை. வெளியே வந்தார்.

பின்னேரத்துக்குள் பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். என்ன தெரியும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

கோவில் படியில் நின்று ஷெரோனுக்கு எடுத்தார்.

"நீதிமன்றத்திலை எத்தினை மணிக்கு எழுதுறவை?"

அந்தப் பக்கம் மருந்துக்கடையின் கதவு மணி அடித்தது.

"ஏன் கேக்கிறீங்கள்?"

"நாளும் நேரமும் தெரிஞ்சால் லீவு போடலாம்."

"கோவில்?"

"வேண்டாம் எண்டிட்டன்."

"ஆரிட்டை?"

"திரேசம்மாவிட்டை."

"என்ன சொல்லி?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அவ ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவ."

"அதுக்கு?"

"பேப்பரை வாங்கிக்கொண்டு வந்திட்டன்."

"பாத்தவவோ?"

"பாத்தவ."

ஷெரோன் மூச்சை இழுத்து விட்டது கேட்டது.

"இப்ப பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை. படியிலை நிக்கிறன்."

"ஃபின்டன்ர அம்மாவிட்டைத் திரும்ப ஏதும் கேக்கப் போறீங்களோ? அந்தாளின்ர பேர், ஊர்?"

"இல்லை."

"அயர்லாந்துக்கு எடுப்பீங்களோ?"

"இல்லை."

"நான் எப்பிடி நம்புறது?"

தெருவில் ஒரு பஸ் வந்து நின்று போனது. அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பொத்தானைப் பூட்டினார்.

"ஆறு மணிக்கு வேலை முடியும்" என்றாள் ஷெரோன். "கடைக்கு வாங்கோ. பேப்பரைக் கொண்டுவந்து என்ர கையிலை தாங்கோ. பேந்து நேரம் சொல்லுறன்."

அப்போது பத்தரை மணி. ரொக்ஸ்பரோவுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். பத்திநாதர் அப்போதே புறப்பட்டார்.